பின்னறைச் சுவிட்சும் உன் மரஸ்கேலும்

என் சில்வண்டுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இருக்கிறாயா என்று கேட்பதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. போனில் என்றால் நீ பேச்சை மாற்றுவாய், நான் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

துணி துவைக்கும் இடம் சாயங்காலமானால் இருட்டிவிடுகிறது என்று அப்பா ஒரு விளக்கு வாங்கி வந்தார், கனமான இரும்பு விளக்கு, பளபளவென்று இருக்கிறது. உன் பின்னறை லைட்டிலிருந்தே வயரை நீட்டிவிடலாம், அரை மணி நேர வேலை என்றார். காதில் டெஸ்டரைச் சொருகிக்கொண்டு வருவாரே, நீ டெஸ்டர் மாமா என்பாயே, அவரைத்தான் கூப்பிட்டோம். அந்தப் பழைய இரும்புச் சுவிட்சுத் தகட்டில் டெஸ்டரை வைத்தார், மங்கலாக எரிந்தது. உடனே மெயினை அணைத்துவிட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இரண்டே வயர், எர்த் வயரே கிடையாது, இதிலிருந்து இரும்பு விளக்குக்கு லைன் இழுக்க மாட்டேன் என்றார். அப்பா விடுவாரா, "லைட் எரிய ரெண்டு வயர் போதாதா? இத்தனை வருஷம் எரிஞ்சுதே!" என்றார். "லைட்டுக்கு ரெண்டு போதும் சார், மூணாவது உங்களுக்கு" என்றார் அவர். விளக்குப் பக்கம் அந்தப் பச்சை எர்த் வயரையும் சேர்த்துப் போட்டுவிட்டால் ஆயிற்றே என்று நான் கேட்டேன். அதன் மறுமுனை மண்ணுக்குப் போகாவிட்டால் அது வெறும் பேருக்குத்தான், பார்க்கிறவனை நம்பவைத்துக் கழுத்தறுக்கும், இல்லாததைவிட மோசம் என்றார்.

பிறகுதான் அதைக் கேட்டார். வயரின் மேல்தோல் வெடித்துப் பல வருஷமாகத் தகட்டில் கரண்ட் கசிந்திருக்கிறது, "யாருக்கும் ஷாக் அடிக்கலையாம்மா?" இல்லையே என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார். "வீட்டுக்குள்ளயும் செருப்புதானா?" குதிகால் வலிக்காக நான் போடும் ரப்பர் செருப்பு. அப்பாவோ பின்னறைக்கு வந்தால் லைட் போடக்கூட எனக்குத்தான் குரல் கொடுப்பார். குளித்துவிட்டு ஈரக்காலோடு அந்தச் சிமெண்டுத் தரையில் நின்று சுவிட்சைத் தொட்டது நீ ஒருத்திதான்.

சுவிட்சு கடிக்குதும்மா என்றாய். பதினோரு வயது உனக்கு. படிக்காமல் இருக்கச் சாக்கு என்றேன், எல்லாம் உன் மனசுல இருக்கு என்றேன். அப்புறம் நீ சொல்வதை நிறுத்திவிட்டு மரஸ்கேலால் சுவிட்சைத் தட்டிப் போட ஆரம்பித்தாய், விளையாட்டுப் புத்தி என்று நான் அதை இரண்டாக உடைத்தேன். நீ பாதி ஸ்கேலால் போட்டாய். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. டெஸ்டர் மாமா போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் கொஞ்ச நேரம் நின்றேன். சில்லென்று இருந்தது.

மறுநாள் அவர் பழைய வயரையும் தகட்டையும் எடுத்துவிட்டு, மெயினிலிருந்து எர்த்தோடு புது லைன் இழுத்துவிட்டார். அப்பாவின் விளக்கும் எரிகிறது, தன்னால்தான் வீடு பிழைத்தது என்று அப்பாவுக்குப் பெருமை வேறு.

போன வாரம் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். மேனேஜர் லிஃப்டில் நின்றால் நீ ஆறு மாடியும் படியிலேயே ஏறிவிடுவதாக. நீயா எதையாவது நினைச்சுக்காதே, உடம்புக்கும் நல்லதுதான் என்றேன். இரண்டு நாளாக அந்தப் படியும் இந்த ஸ்கேலும் என்னைத் தூங்கவிடவில்லை. நீ ஏன் படியில் ஏறுகிறாய், கண்ணு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். நான் நடுவில் பேச மாட்டேன், இந்த முறை நீ சொல்வதை அப்படியே நம்புகிறேன். நீ எங்கே கை வைத்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை படியிலேயே ஏறு.

ஸ்கேலை உடைத்த,
உன் அம்மா