எட்டாவது போல்ட்

என் தம்பி பெற்ற அன்பு மருமகளுக்கு உன் அத்தை எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே என் வலது கை தவிர எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருக்க தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தால் அதற்கு உன் அப்பனின் கார்தான் காரணம். கொட்டகையில் கிடந்ததே, அதே பழைய கார். நீ உனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து மூன்று வருஷமாக அதன் தார்ப்பாயைக்கூட அவன் தொடவில்லை.

உன் கடிதத்தைக் கொடுத்தால் வாங்க மாட்டான். அதனால் எனக்கே படித்துக்கொள்வது போலக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். காது கேளாதவன் மாதிரி இருப்பான். ஆனால் நான் மூக்குக்கண்ணாடியை எடுத்தாலே ரேடியோ சத்தம் குறைந்துவிடும். பிள்ளைக்கு நாலு மாதம் ஆகிறது, இருமல் இப்போதுதான் விட்டது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த மறுநாள் தார்ப்பாயை உருவினான். கேட்டதற்கு, விற்கப் போகிறேன் என்றான்.

இன்ஜினிலிருந்து சூட்டுப் புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் குழாய் விரிசல் விட்டிருந்ததாம். வெல்டர் நாலு குழாயை ஒட்டிப் புதிதாக ஒன்று செய்து கொண்டுவந்தார். பார்க்கக் கவிழ்த்த பசுமடி மாதிரி இருந்தது. அதை மாட்டத்தான் பெரும் பாடு. மேலிருந்து இறக்கினால் ஸ்டியரிங் கம்பி இடிக்கிறது, கீழிருந்து ஏற்றினால் ஸ்டார்ட்டர் மோட்டார் மறிக்கிறது. மோட்டாரைக் கழற்றி, ஜாக்கி மேல் பலகை வைத்து, இன்ஜினையே நாலு விரற்கடை தூக்கின பிறகுதான் வழி விட்டது.

ஏழு போல்ட் மாட்டியாயிற்று. எட்டாவது, ஸ்டியரிங் கம்பிக்குப் பின்னால் ஒரு இடுக்கில். வெல்டர் கை மண்வெட்டி, உன் அப்பன் கை அதற்கு மேல். உள்ளே விட்ட தலையை எடுக்காமலே அவன், "அவ கையா இருந்தா போயிருக்கும்" என்றான். மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி அவன் பேசின முதல் பேச்சு. நான் வளையலைக் கழற்றி, முழங்கைவரை சோப்பு தேய்த்துக்கொண்டு போய் நின்றேன்.

என் தப்பை உன்னிடம் மறைப்பானேன்? அந்த இடுக்கில் ஸ்பேனர் துளித்துளியாகத்தான் திரும்பும். சும்மா திருப்புவானேன் என்று தினமும் சொல்லும் பிரார்த்தனையை வரிக்கு ஒரு திருப்பாகச் சொல்லிக்கொண்டே திருப்பினேன். பிரார்த்தனை முடிந்தது, கையை எடுத்துவிட்டேன். போல்ட் முடியவில்லை.

ஸ்டார்ட் பண்ணினால் அந்த மூலையில் டிக் டிக் என்று சத்தம். பிறகு இறுக்கியும் பயனில்லை, புகை கசியாமல் இருக்க நடுவில் வைத்த கேஸ்கெட் அதற்குள் கருகிவிட்டது. மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். விற்கப் போகிற வண்டிதானே, இது போதும், வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான் என்றார் வெல்டர்.

உன் அப்பன் ஸ்பேனரை எடுத்து மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்தான். "புகை உள்ள வரும்யா. பச்சப்புள்ள உக்காரப் போற வண்டி" என்றான். வெல்டர் போய் ஜாக்கியை எடுத்து வந்தார். எனக்குத்தான் கண்ணில் சோப்பு பட்டுவிட்டது.

இரண்டாம் தடவை ஸ்பேனர் நின்ற பிறகும் திருப்பிப் பார்த்தேன். பிரார்த்தனையைக் கை வெளியே வந்த பிறகு சொன்னேன். இப்போது சத்தமே இல்லை. தோலுரிந்த கைக்கு மருந்து போட்டுவிட்டவனும் அவன்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறான். ஓட்டிப் பார்க்கப் போகிறவன் இரண்டு சட்டையை எதற்குத் தேய்த்து வைக்கிறான்? இந்தக் கடிதம் அவனை முந்திக்கொண்டு வர வேண்டும்.

வாசலை மிதிக்காதே என்று அன்றைக்கு அவன் சொன்னது தப்புதான். நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் உன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவனாக உள்ளே வர மாட்டான். பானட்டைத் திறந்து எதையோ சரிபார்ப்பது போல நிற்பான். நீ பழையதைப் பேச வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய், எட்டாவது போல்ட் எது என்று மட்டும் கேள். சூடாக இருக்கும், கை வைத்துவிடாதே.

அவனையும் சேர்த்து உங்கள் நாலு பேரையும் கடவுள் நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை