ஒரு நிமிஷம், தம்பி

வெள்ளவத்தை
12.01.2025

அன்பு மகன் ஜனாவுக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது பொங்கலும் முடிந்து, பொங்கின பானையும் காய்ந்திருக்கும். இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் எனக்கு முந்திக் கிழவியாகிவிட்டது.

போனில் நீ எப்போது பார்த்தாலும் அந்த டைரக்டரின் கதையே கதைக்கிறாய். மூன்றாம் மாடி ஹம்சிகாவும் அப்படித்தான். ‘சேரலாதன் அண்ணா, சேரலாதன் அண்ணா’ என்று உருகுகிறாள். சொந்த அண்ணனுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க அவளுக்கு நேரம் இல்லை. போன கிழமை தன் போனில் அவருடைய படம் ஒன்றை எனக்குக் காட்டினாள். ஒருவன் இன்னொருவனின் கழுத்தை ஆறுதலாக, அவசரமில்லாமல் அறுக்கிறான், பின்னால் வயலின் வாசிக்கிறார்கள். இரத்தம்கூட அவன் சட்டைக்குப் பொருத்தமான நிறத்தில்தான் தெறிக்கிறது. கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெட்டுப்படுகிறவனுக்கு வீட்டில் ஆட்கள் கிடையாதா? அவன் வராத அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது என்று உன் சேரலாதன் எந்தப் படத்திலாவது காட்டியிருக்கிறாரா?

இன்னொன்று. இதைப் போனில் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்பாவின் விஷயம் போனில் கதைப்பதில்லை என்ற நம் ஒப்பந்தத்தை நான் மீறமாட்டேன். மறுபடியும் ஒருவன் வந்தான். அப்பாவை ஒரு தடுப்பு முகாமில் கண்டானாம், நன்றாக இருக்கிறாராம். வழக்கம்போல் தேத்தண்ணி கொடுத்து, வழக்கம்போல் கேட்டேன்: “சிரிச்சவரோ? சிரிக்கேக்க எப்படி இருந்தார்?”

“நல்ல வெள்ளைப் பல்லம்மா, அப்படியே பளிச்செண்டு” என்றான்.

குடித்து முடியும்வரை பொறுத்திருந்து அனுப்பிவிட்டேன். இவனோடு பதினொரு பேர். அப்பாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல்லும் இல்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும். துறைமுகக் கந்தோரில் இருபது வருடம் பக்கத்தில் இருந்து வேலை செய்தவர்களுக்கே தெரியாது. காணாமல் போனவர்களை விசாரித்த எந்த ஆணைக்குழுவிலும் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. உண்மையாகவே அவரைக் கண்டவன் ஒருநாள் வருவான், வந்து அதைச் சொல்லுவான். கட்டுப்பல் அலுமாரியில் அதே கிளாஸில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் மாற்றுகிறேன்.

உன் அம்மா


லண்டன்
02.02.2025

என் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே பனி. முழங்காலுக்குப் பூசும் மருந்து தனியாக அனுப்புகிறேன். பூசுங்கள். ஹம்சிகாவின் அம்மாவுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஆனால் அம்மா, அன்று விடியற்காலை அப்பாவைக் கொண்டுபோக அவர்கள் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். அப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டு, “ஒரு நிமிஷம், தம்பி, பல்லைப் போட்டுக்கொண்டு வாறன்” என்று கெஞ்சினார். அவர்கள் விடவில்லை. நான் அசையவில்லை. அந்த நிமிடத்திலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை. சேரலாதனின் படத்தில் அடிவாங்கினவன் எழும்பித் திருப்பி அடிக்கிறான். அந்த இரண்டரை மணித்தியாலம் மட்டும் என் உடம்பு எனக்குச் சொந்தம்போல இருக்கும். வேறு எந்தக் கோயிலிலும் எனக்கு அது கிடைக்கவில்லை. அவரை வெறும் இரத்தம் விற்கிறவர் என்று சொல்லாதீர்கள்.

இதுவரை சொல்லாத ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் அவர் இங்கே வந்தபோது, ரசிகர் மன்றச் செயலாளர் என்று என்னைக் கூப்பிட்டுச் சந்தித்தார். போனை அணைத்து வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் நான் சொன்னதைக் கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த நாட்டில் எனக்காக அழுத முதல் மனிதர் அவர்தான்.

மார்ச் 14 புதுப் படம். டிக்கட்டை ஹம்சிகாவின் போனுக்கு அனுப்புகிறேன். எனக்காகப் போங்கள். கடைசியில் பெயர்கள் ஓடி முடியும்வரை எழும்ப வேண்டாம். உங்களுக்கு அங்கே ஒன்று இருக்கிறது.

உங்கள் ஜனா


வெள்ளவத்தை
29.03.2025

என் ராசா,

எழுத்துக் கோணலாக இருக்கிறது என்று பயப்படாதே. நல்ல செய்தி.

படத்துக்கு நான் போகவில்லை. முழங்கால் விடவில்லை, டிக்கட்டை ஹம்சிகாவின் சிநேகிதி கொண்டு போனாள். கூடப் போன ஹம்சிகாவிடம் “படம் எப்படிப் பிள்ளை?” என்று கேட்டால், “பரவாயில்லை அன்ரி” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பாராமல் படியேறிப் போகிறாள். அதை விடு.

செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் வந்தான். ரொஷான் என்று பெயர் சொன்னான். ஒருகொடவத்தையில் கொள்கலன் ஏற்றும் யார்டில் வேலையாம். முன்பு ஒரு முகாமில் சமையலுக்கு நின்றவனாம். அங்கிருந்த ஒருவரைப் பிறகு வேறு இடத்துக்கு மாற்றினார்களாம், இன்னும் உயிரோடு இருக்கிறாராம். பன்னிரண்டாவது ஆள், நான் நம்பவில்லை. அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றக் கேத்தலைத் தூக்குகிறேன், நான் கேட்காமலே பின்னாலிருந்து சொல்கிறான்:

“அம்மா, அந்த ஐயாவுக்கு மேல்பல்லு ஒண்டும் இல்லை. கதைக்கேக்க கையால வாயைப் பொத்துவார். சோறு மெல்ல ஏலாம நான்தான் கஞ்சி குடுத்தனான்.”

கேத்தல் கையிலிருந்து விழுந்தது. காலில் கொதிநீர் பட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜனா, பதினாறு வருடம்! பதினாறு வருடம் ஒரு சொல்லுக்காகக் கதவைத் திறந்து திறந்து மூடினேன். அந்தச் சொல் என் வீட்டு அடுப்படிக்குள் வந்து நின்றது.

அப்பாவுக்குக் கொடுத்தனுப்ப ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். என் தங்கச்சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன், வழியில் எத்தனை பேரைச் சமாளிக்க வேண்டுமோ. பிறகு அலுமாரியைத் திறந்து கட்டுப்பல்லையும் எடுத்தேன். அவர் முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றி அவன் கையில் வைத்தேன். இத்தனை வருடமும் அந்த மனிதன் கஞ்சி குடித்தது போதும்.

கிளாஸ் இப்போது வெறுமையாக இருக்கிறது. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

உன் அம்மா


லண்டன்
09.04.2025

அம்மா,

கடிதம் கிடைத்தவுடன் போன் எடுத்தேன். “அப்பான்ர விஷயம் எண்டா எழுது” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எழுதுகிறேன். கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

அந்த ஆள் பொய். பல்லின் விஷயம் படத்தில் இருக்கிறது. நான்தான் சேரலாதனுக்குச் சொன்னேன்.

அப்பாவை வைத்து எழுதின முதியவர்தான் இந்தப் படத்தின் மனச்சாட்சி என்று அவர் எனக்குச் சத்தியம் பண்ணினார். கடைசியில் ‘வெள்ளவத்தை நமசிவாயம் அவர்களின் நினைவாக’ என்று திரையில் போட்டார். உங்களுக்கு அங்கே இருக்கிறது என்று நான் எழுதியது அதுதான். இது என் அப்பாவின் கதை என்று மன்றத்தின் பக்கத்திலும் பெருமையாக எழுதினேன். நம் வீட்டுக்கு வழி தேடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் கதாநாயகன்தான் முதியவரைக் கூட்டிக்கொண்டு போக வருகிறவன். கறுப்புக் கோட். முதியவர் பல்லைக் கேட்கிறார். அவன் அதைக் கிளாஸிலிருந்து எடுத்துத் தன் விஸ்கிக்குள் போட்டு, ஒரு மிடறு குடித்துவிட்டு, “ஒரு நிமிஷம், தம்பி” என்று அவரைப்போலவே வாயைப் பொத்திக்கொண்டு சொல்கிறான். தியேட்டர் அதிர்ந்தது. முதல் காட்சி, முதல் வரிசை, மன்றத்துச் சட்டை போட்டிருந்தேன். கதாநாயகன் வாய் திறந்தால் விசில் அடித்துப் பழகிப்போன வாய் அம்மா. நானும் அடித்தேன். அடித்து முடிந்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்கு உறைத்தது.

அவருக்கு மூன்று தரம் எழுதினேன், பதில் இல்லை. மன்றத்திலிருந்து விலகிவிட்டேன். அம்மா, நீங்கள் அவரை வெறுக்கிறீர்களா? என்னையுமா? தயவுசெய்து எழுதுங்கள்.

ஜனா


வெள்ளவத்தை
04.05.2025

ஜனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒருகொடவத்தைக்குப் போனோம், நானும் ஹம்சிகாவும். நாலு யார்டில் கேட்டோம், அப்படி ஒரு ஆள் இல்லை. அவன் தந்த போன் நம்பரும் இல்லை. சங்கிலி போகட்டும். கட்டுப்பல்லை அவன் எந்தச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தானோ தெரியாது. பஸ்ஸில் வரும்போது ஹம்சிகா அழுதுகொண்டு வந்தாள், படத்தில் பார்த்ததை அப்போதே சொல்லியிருக்க வேணும் அன்ரி என்று. அவள் என்ன செய்வாள், பாவம்.

அடுத்த நாள் படத்துக்குப் போனேன். பார்க்காமல் ஒருவனைத் திட்டக்கூடாது. அவனுக்குத் திறமை இருக்கிறது, ஜனா. கதவு தட்டுகிற இடத்தில் நான் பாதி எழும்பிவிட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், மெதுவாகத்தான் தட்டினார்கள். உன்னிடம் கேட்டுத்தானே எடுத்திருக்கிறான். பிறகு அந்த இடம் வந்தது. எனக்கு முன்னால் இருந்த பெடியன் வாயைப் பொத்திக்கொண்டு வசனத்தைக் கூடவே சொன்னான், பக்கத்துப் பெட்டை விழுந்து விழுந்து சிரித்தது. நல்ல வீட்டுப் பிள்ளைகளாகத்தான் தெரிந்தார்கள். அது என் புருஷனாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன். அவ்வளவு கச்சிதமாக எடுத்திருக்கிறான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவனை வெறுக்கிறேனா என்று கேட்டாய். ஓம், வெறுக்கிறேன். உன் முன்னால் அழுதுவிட்டுப் போய் அதைச் சிரிப்பாக விற்றவனுக்கு இத்தனை பேர் கட்டவுட் வைத்துப் பாலூற்றுகிறார்கள். அந்தப் பாலுக்கு அவன் லாயக்கில்லை.

நீ சொன்னபடி பெயர்கள் ஓடும்வரை எழும்பாமல் இருந்தேன். எல்லாரும் போய்விட்டார்கள், கூட்டுகிற பெண் மட்டும் நின்றாள். ‘நினைவாக’ என்று வந்தது. உயிரோடு இருக்கிறவருக்கு நினைவு என்று போடச் சொன்னது யார்? மரணச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்று எத்தனை பேர் கேட்டார்கள். நான் வைக்கவில்லை. பொட்டு அழிக்கவில்லை. நீ எனக்குப் பதிலாக வைத்துவிட்டாய்.

விசில் அடித்ததை என்னிடம் ஒளிக்காமல் எழுதினாய். அதற்காக உன்னை வெறுக்க என்னால் முடியவில்லை. நீ என் பிள்ளை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்குக் காலை வாசலில் அப்பா என் காதுக்குள் ஒன்று சொன்னார். நீ திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாய், உனக்குக் கேட்டிருக்காது. நான் கண்மூடுவதற்கு முன் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். உனக்குச் சேரவேண்டியதுதான் அது, உன்னைப் பற்றித்தான் சொன்னார். இனி உனக்குச் சொல்லமாட்டேன். பதின்மூன்றாவது ஆள் வருவான். பல்லின் விஷயம் இப்போது ஊருக்கே தெரியும், அவனிடம் கேட்க எனக்கு வேறு ஒரு கேள்வி வேண்டும்.

போன் எடு, கடிதம் எழுது. சாப்பாட்டைப் பற்றி எழுது, வேலையைப் பற்றி எழுது. அப்பாவைப் பற்றி மட்டும் இனி எனக்கு எழுதாதே.

அம்மா