பூவாயி வாய் திறந்த நாள்

பினாங்கு, 12-8-1932

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, மகள் பிலோமினா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் இப்போது எப்படி?

நான் தையல் சொல்லிக்கொடுக்கும் இந்த ஆதரவு இல்லத்தில் பூவாயி என்று பன்னிரண்டு வயதுப் பெண் இருந்தாள். பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்தில் அவள் தாயை வெட்டிக் கொன்றதாகத் தகப்பனைப் பிடித்தார்கள். பார்த்தவள் இவள் மட்டும்தான். கோர்ட்டில் இவள் வாயே திறக்கவில்லை. சாட்சி இல்லையென்று அவனை விட்டுவிட்டார்கள்.

நேற்று அவளைக் கூட்டிப்போக அவன் வந்தான். பெற்ற தகப்பனைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று இல்லத்தை நடத்தும் மதர் கண்கலங்கினார். நான்கு மாதமாகப் பேசாத பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இப்ப சொல்லிடுறேன். அப்பாதான் வெட்டுனாரு. என்னை அனுப்பாதீங்க" என்றாள்.

"பயத்துல ஒளறுது" என்று தகப்பன் சிரித்துக்கொண்டே அவளை இழுத்துப் போனான். போலீசில் கேட்டோம், முடிந்த வழக்கு என்றார்கள்.

அவள் விடாமல் பிடித்திருந்த என் கையில் சின்ன நகக்கீறல்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அம்மாவின் பேச்சைக் கேட்க ஆசையாக இருக்கிறது; அம்மா பேசுவதைத் தம்பி அப்படியே எழுதி அனுப்பட்டும், ஏச்சானாலும் பரவாயில்லை.

கப்பலுக்குப் போகும் தபால் பையைக் கட்டப்போகிறார்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். கோர்ட்டு வாசலில் முப்பது வருஷம் மனு எழுதியவர் நீங்கள். பிள்ளை இப்போது சொன்னது இனிச் செல்லுமா? செல்லாது என்றால், அப்பா, அதை மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் மகள்
பிலோமினா