விக்கலுக்குச் சொன்ன பேர்

ஜூன் 9

அடி வாலு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். "செத்துப் போன சித்திக்கு எதுக்கும்மா லெட்டர்?" என்று என் மகள் கேட்டாள். "உசிரோட இருந்தப்போ அவ என்னைப் பேச விட்டாளா? இப்பவாவது குறுக்க பேசாம கேக்கட்டும்" என்றேன். எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆறாம் வகுப்பில் கால் வைத்த மேதாவி நீதானே.

எனக்கு இதயத்துக்கு மிஷின் வைத்துவிட்டார்கள். இடது பக்கம், கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் தீப்பெட்டி மாதிரி மேடாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஒயர் நெஞ்சுக்குள் போகிறது. இதயம் சோம்பினால் தட்டி எழுப்புமாம். உனக்கும் இதைத்தானே வைக்கச் சொன்னார்கள்? "மெதுவா ஓடுற வண்டிதான்க்கா பத்திரமாப் போகும்" என்று சிரித்துவிட்டு வந்தாய். நம் சலவைக்கூடத்தில், துணி உலர்த்தும் மிஷினுக்கு முன்னால், மடித்துக்கொண்டிருந்த படுக்கை விரிப்போடு சரிந்தாய். அதன் மறுமுனை என் கையில் இருந்தது. உன் வண்டி போன பத்திரம் அதுதான்.

எனக்கும் துடிப்பு குறைகிறது என்று டாக்டர் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் "வைங்க" என்றேன். பயத்தில் இல்லை. நீ வேண்டாமென்றதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிற வீம்பு.

இடது கையைத் தோளுக்கு மேலே தூக்காதே, கனம் எடுக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் மகள் அலமாரி உச்சியில் இருந்த உன் பெட்டியைப் பார்த்து, "சித்தி துணியை யாருக்காவது குடுத்துடலாம்மா" என்கிறாள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு கையாலும் இழுத்து இறக்கி என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

அன்று சாயங்காலம் படுத்ததும் விக்கல் பிடித்தது. தண்ணீர் குடித்தேன், சர்க்கரையை வாயில் போட்டேன், மூச்சைப் பிடித்தேன். அடங்கவில்லை. அப்புறம், யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் பேர் சொல்லிப் பார்ப்போமே, அதைச் செய்தேன். மகள் பேர், மருமகன் பேர், வேலைக்கு ஏன் வரவில்லை என்று திட்டியிருப்பாரோ என்று முதலாளி பேர். ஒன்றுக்கும் நிற்கவில்லை. எழுந்து உட்கார்ந்து "வாலு" என்றேன்.

நின்றுவிட்டது.

கோபம் ஆறாத உன்
அக்கா


ஜூலை 6

வாலு,

தினமும் வருகிறாய். படுத்தால் வருகிறாய், உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டால் அடங்குகிறாய். விக்கலோடு இடது விலாவுக்குக் கீழே வயிற்றுக் குழந்தை உதைப்பதுபோல ஒரு துள்ளலும் சேர்ந்திருக்கிறது. இருந்தபோதே நீ ஒரு இடத்தில் அடங்கினவள் இல்லை.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். என்னை ஓரமாக உட்கார வைத்துத் தலையணை உறை மடிக்கச் சொல்கிறார்கள். தலையணை உறை! நாம் இரண்டு பேரும் விரிப்பை உதறினால் கூடமே காற்றாடுமே! உன் இடத்தில் இப்போது நெட்டை நிற்கிறாள். அதுதான், எப்போதும் பாடிக்கொண்டே இஸ்திரி போடுவாளே, அவள். "அக்கா, மிஷின் வச்ச உடம்பு. போர்வைப் பக்கம் வராதீங்க" என்றாள்.

"என் நெஞ்சுல மிஷின் ஓடுது. உன் நெஞ்சுல என்னடி ஓடுது, சினிமாப் பாட்டா?" என்றேன். கூடமே சிரித்தது. சிரித்ததில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. உனக்கும் சிரிப்பு வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

தையலைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. போனால் விக்கலைப் பற்றிக் கேட்பார்கள். மருந்து கொடுத்து நிறுத்திவிடுவார்கள். மகள் நச்சரிக்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்கிறேன். கொஞ்சம் தலை சுற்றுகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. நீ வருவதை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

உன்
அக்கா


ஜூலை 18

வாலு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்.

உறை மடித்துக்கொண்டிருந்தபோதே கண் இருட்டி விழுந்துவிட்டேன். அழுக்குத் துணி மூட்டையின் மேல் விழுந்ததால் மண்டை தப்பியது. நெட்டைதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாளாம். வழியெல்லாம் அவள் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை என்றார்கள்.

படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் வந்து உட்கார்ந்தார். "ஒயர் இடம் மாறிடுச்சும்மா. இதயத்தைத் தட்ட வேண்டியது, கீழ மூச்சுத் தசையைப் போய்த் தட்டுது. விக்கல் வந்திருக்குமே?"

மகள்தான் போட்டு உடைத்தாள். "தினமும் வந்துச்சு டாக்டர். எங்க சித்தி நினைக்கிறாங்கன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தாங்க."

அவர் சிரித்திருந்தால் அங்கேயே ஒரு கை பார்த்திருப்பேன். சிரிக்கவில்லை. "கனமா எதையாவது தூக்கினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"என் தங்கச்சி பெட்டியை. அதை யாருக்காவது குடுக்கிறேன்னு இவ இன்னொரு தடவை சொன்னா இன்னொரு தடவை தூக்குவேன்."

ஒயரைப் பழைய இடத்தில் வைக்க மறுபடியும் கீற வேண்டுமாம். "வச்சா விக்கல் நின்னுடுமா?" என்று கேட்டேன். நின்றுவிடும் என்றார். "அப்போ வேண்டாம்" என்றேன். இப்படியே விட்டால் எந்த நேரமும் இதயம் நின்று போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். "நிக்கட்டும்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் போன பிறகு மகள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. என் காலை அமுக்கிக்கொண்டே கேட்டாள்: "சித்தியும் எனக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. சரி, நீயும் போ. அப்புறம் எனக்கு விக்கல் வந்தா நான் யார் யார் பேரைம்மா சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இருக்கிறதே, வாலு, அது அப்படியே என் மேல் அவளுக்கு வரப் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்ய மாட்டேன். உன்னைவிட நான் நல்லவள் என்று காட்டுவதற்காகவாவது செய்ய மாட்டேன்.

நாளைக்குக் கீறுகிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோ இப்போதும் விக்குகிறது. பேர் சொல்லி உன்னை அனுப்பவில்லை. இன்றைக்கு இருந்துவிட்டுப் போ.

உன்
அக்கா


செப்டம்பர் 2

வாலு,

நான் சாகவில்லை. உனக்குத் துணை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்.

இந்தத் தடவை சொன்னபடி கையைத் தூக்காமல் இருந்தேன். தலை வாரக்கூட மகள்தான். அவள் பின்னல் போட்டால் உச்சி மயிர் பிய்கிறது, அதற்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று டாக்டர், கையைத் தாராளமாக நீட்டலாம் என்றார். இன்று காலை தலையணை உறையை அப்படியே போட்டுவிட்டு விரிப்பு மேசைக்குப் போய் நின்றேன். நெட்டை இரண்டு முனையை எடுத்து நீட்டினாள். உதறினோம். அவள் உயரத்துக்கு நான் எக்க வேண்டியிருக்கிறது. "குனிஞ்சு பிடிடி, ஒட்டகச்சிவிங்கி" என்றேன். "நீங்க ஸ்டூல் போட்டுக்குங்க" என்கிறாள். பொழுது போகிறது.

விக்கல் ஒன்றுகூட வரவில்லை. முதல் நாள் படுத்துக்கொண்டு காத்திருந்தேன். மிஷின் தன் வேலையைச் செய்தது. நெஞ்சு துடித்தது. நீ வரவில்லை. அழுதேன். அதை நீ பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அது எல்லாம் ஒயர் செய்த வேலை, நீ நினைத்ததில்லை என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நான் உன்னை நினைப்பது எந்த ஒயரும் செய்கிற வேலை இல்லை. அதை இடம் மாற்றி வைக்க எந்த டாக்டராலும் ஆகாது. நீ நிறுத்திவிட்டாய் என்பதற்காக நானும் நிறுத்துவேன் என்று நினைக்காதே. இனி என் முறை. நீ சாப்பிட உட்காரும்போது நினைப்பேன், வாய் ஓயாமல் பேசும்போது நினைப்பேன். தண்ணீர் குடித்தாலும் அடங்காது. என் பேரைச் சொன்னால்தான் விடுவேன்.

விடாத உன்
அக்கா

கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவை மூட மனம் வரவில்லை. இதோ, இந்த நிமிஷம், பல்லைக் கடித்துக்கொண்டு உன்னைத்தான் நினைக்கிறேன். விக்குதாடி?