முதல் வயலினின் மூச்சு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நானும் மகளும் நலம். நீ உன் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து உன் நலத்தை அவள்தான் போனில் சொல்கிறாள். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது.

உன் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் இனிப் பழையபடி தந்தி மேல் ஓடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, நீதான் சொல்லியனுப்பினாய்: முதல் வயலினுக்கு வேறு ஆளைப் போடுங்கள், குழு நின்றுவிடக் கூடாது என்று. போட்டுவிட்டோம். மறைக்கவில்லை. சின்னப் பெண்; நன்றாக வாசிக்கிறாள்.

முதல் நாள் ஒத்திகையைக் கேள். நால்வர் குழுவில் கையசைத்துத் தொடங்கி வைக்க ஆளில்லை. முதல் வயலின் இழுக்கும் மூச்சுதான் மற்றவர்களுக்கு உத்தரவு. அவள் மூச்சிழுத்தாள். இரண்டாம் வயலின், வயோலா, செல்லோவோடு நான் என்று நாங்கள் மூவரும் வில்லைத் தூக்கியபடி அப்படியே இருந்தோம். அவள் தனியாக வாசித்து நிறுத்தினாள். மறுபடியும் அதேதான். உன் மூச்சு நீளம், அதற்கே காத்திருந்திருக்கிறோம். “நான் ஏதாவது தப்பு பண்றேனாண்ணா?” என்று கேட்டாள், பாவம். வயோலாக்காரர், “நீ ஒண்ணும் பண்ணலம்மா. நாங்க மூணு கிழடுங்களும் போன பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறோம்” என்றார். சிரித்தோம். இரண்டாம் வயலின்காரர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

வாரக் கடைசியில் சரியாகிவிட்டது. அவள் மூச்சிழுத்ததும் நால்வரும் ஒன்றாகப் புகுந்தோம். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். இத்தனை வருடம் உன்னோடு வாசித்துவிட்டு, இவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

வயலின் இருக்கும் வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னாயாம். அதை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிடச் சொன்னாயாம். நேற்றுக் கொடுத்துவிட்டோம். நம் மகள்தான் பெட்டியைச் சுமந்து வந்தாள், என்னைத் தொடவிடவில்லை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, “இனிமே அம்மா வந்துடுவாங்கல்லப்பா?” என்று கேட்டாள். அதற்குப் பதில் நீ சொல்ல வேண்டியது.

செல்லோவையும் ஒத்திகை அறையிலேயே விட்டுவிட்டேன். வீட்டில் நான் வாசிப்பதில்லை. நீ கேட்க அஞ்சிய சத்தம் எதுவும் இங்கே இல்லை. உன்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டோம். சும்மா வந்து எங்களோடு உட்கார், போதும்.

கதவைத் தாழிடாமல்,
மகளும் அவள் அப்பாவும்