நடு வேகாத கேக்

ராத்தா,

இன்று காலை மகள் ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டாள். புது பிளவுஸுக்கு முதுகுப் பக்கம் ஹூக். அவள் கைக்கு எட்டவில்லை. என் சக்கர நாற்காலிக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினாள். "அம்மா, இதைக் கொஞ்சம் பூட்டிவிடுங்கோ" என்றாள். புதுத் துணியின் மணமும் அவள் தலையில் இருந்த மல்லிகையின் மணமும் ஒன்றாக வந்தன. என் விரல்கள் மேலிருந்து கீழே ஹூக்குகளைப் பூட்டிக்கொண்டு போக, உங்கள் ஹவுஸ்கோட் பொத்தான்களை எத்தனை காலை வேளைகளில் இப்படிப் பூட்டியிருப்பேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று மகள் கேட்டாள். உங்கள் நினைப்பு வந்தது என்றேன். அவளும் சிரித்தாள்.

அவள் போனதும் உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "நீங்க எப்ப எழும்பினீங்க, இப்ப உட்கார?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

நாம் முதலில் கண்டது மறுவாழ்வு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில். அப்போது நான் யாரோடும் கதைக்காமல் கிடந்தேன். மழை பெய்த ஒரு பின்னேரம் வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு ஓட்டோவில் வந்துகொண்டிருந்தேன். காலி வீதியில் ஓட்டோ சறுக்கிப் பிரண்டது. ரத்தம் பெரிதாக வரவில்லை. ஆனால் எழும்பப் பார்த்தபோது நெஞ்சுக்குக் கீழே நான் இருக்கவில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவில் முள்ளந்தண்டு எலும்பு உடைந்து, உள்ளே போகிற முண்ணாணை நசுக்கிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒப்பரேஷன் செய்து எலும்பை நிமிர்த்தினார்கள். நசுங்கிய நரம்பை நிமிர்த்த முடியாது என்பதையும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. இவர் தினமும் வந்து கட்டிலருகே இருப்பார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

நீங்கள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த அன்று, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தீர்கள். குசலம் விசாரிக்கவில்லை. பெயரும் கேட்கவில்லை.

"தங்கச்சி, ஒங்கட கை சும்மாதானே ஈக்குது. என்ட மூக்கைக் கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க."

நான் திகைத்துப் போனேன். அதுவரை எல்லோரும் எனக்கு ஏதோ செய்துதர வந்தவர்கள். என்னிடம் ஒரு வேலை கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள். நீங்கள் குனிந்தீர்கள், நான் கையை நீட்டிச் சொறிந்தேன். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பெரிய உத்தியோகம் கிடைத்த ஆளைப் போல் ஒரு பெருமூச்சு விட்டீர்கள். அந்த வார்டில் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். அன்று பின்னேரம் நான் சிரித்த முகத்தோடு இருப்பதைக் கண்டு இவர் பயந்துபோய் நேர்ஸைக் கூப்பிட்டது உங்களுக்கு எவ்வளவு பிடித்த கதை.

அக்கா என்று கூப்பிட்ட என்னை ராத்தா என்று திருத்திவிட்டு, உங்கள் கதையை நீங்களே அன்று சொன்னீர்கள். தெஹிவளையில் வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக், கல்யாணக் கேக் என்று செய்து விற்கிறவர் நீங்கள். நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாள் புதுத் திரைச்சீலை தொங்கவிட ஸ்டூலில் ஏறி, இறங்கும்போது கால் தவறியது. நாடி மேசை ஓரத்தில் அடிபட, தலை பின்னுக்கு மடங்கியது. எலும்பு ஒன்றும் உடையவில்லை. ஆனால் வயதோடு உங்கள் கழுத்தெலும்புக்குள் இருந்த பாதை ஏற்கெனவே ஒடுங்கிப் போயிருந்ததாம். தலை மடங்கிய அந்த ஒரு கணத்தில் முண்ணாண் நசிந்துவிட்டது. முதல் நாள் கையும் இல்லை, காலும் இல்லை. பிறகு கால் வந்தது. கை வரவில்லை. உள்ளங்கை மட்டும் அடுப்பில் வைத்ததுபோல் இரவும் பகலும் எரிந்தது.

ஏன் அப்படி என்று நீங்கள் டொக்டரைக் கேட்டபோது அவர் ஒரு தாளில் வட்டம் கீறிக் காட்டினார். கழுத்துக்குள் கைக்குப் போகிற நரம்புகள் கூடுதலாக நடுவில் ஓடுகின்றன, காலுக்குப் போகிறவை ஓரத்தில் ஓடுகின்றன, உங்களுக்கு அடிபட்டது நடுப்பகுதியில் என்றார். அவர் அதற்குச் சொன்ன பெயரை நீங்கள் காதில் வாங்கவே இல்லை. அவர் போனதும் முழு வார்டுக்கும் கேட்கிற மாதிரி விளக்கம் சொன்னீர்கள்.

"பெரிசா ஒண்டும் இல்ல. கேக்கில ஓரம் வெந்து, நடு வேகல்ல. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அந்த வார்டில் உங்கள் வருத்தத்துக்கு அதுதான் பெயர். அடுத்த தடவை டொக்டரும் சிரித்துக்கொண்டே, நடு இப்போது எப்படி என்று சிங்களத்தில் கேட்டார்.

என்னுடையது ஓரமும் இல்லை, நடுவும் இல்லை, முழுக்கப் போனது. நீங்கள் வார்டுக்குள் நடந்து திரிவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். நான் பேனாவால் எழுதுவதையும் என் கையால் சோறு குழைத்துச் சாப்பிடுவதையும் நீங்கள் கண்ணெடுக்காமல் பார்ப்பீர்கள். ஒருநாள் நான் கேட்டேவிட்டேன், மாற்றித் தந்தால் எடுப்பீர்களா என்று. நீங்கள் நன்றாக யோசித்தீர்கள். "கையைத் தாங்க, காலையும் வச்சிக்கொள்றன்" என்றீர்கள்.

காலை வேளையில் உங்கள் பொத்தான்களை நான் பூட்டுவேன், தலை வாருவேன். நீங்கள் முழங்கைகளை என் நாற்காலியின் பிடிகளுக்குள் கொளுவி, உடம்பின் பாரத்தால் என்னைத் தள்ளிக்கொண்டு போவீர்கள். வளைவில் திருப்பத் தெரியாது. சுவரில் முட்டி, பின்னுக்கு வந்து, மறுபடி முட்டி, தோட்டத்துக்குப் போய்ச் சேர்வோம்.

ஒருநாள் என் வலது கால் தானாகத் துள்ளியது. நீங்கள்தான் முதலில் கண்டீர்கள். கால் வந்துவிட்டது என்று நீங்கள் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிஸ்கட் பக்கற்றை உடைத்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னீர்கள். பிறகு பிசியோ மிஸ் வந்து மெதுவாகச் சொன்னார்: அடிபட்ட அதிர்ச்சி அடங்கிய பிறகு, மூளையைக் கேட்காமல் கால் தன்பாட்டில் இப்படித் துள்ளும், இதை நடக்கப்போவதன் அடையாளம் என்று எடுக்க வேண்டாம். நான் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தேன். நீங்கள் கட்டில் ஓரத்தில் வந்து இருந்தீர்கள்.

"துள்ளினது துள்ளினதுதானே. பட்ட சந்தோசத்தையும் திண்ட பிஸ்கட்டையும் திருப்பிக் குடுக்கவா?"

வீடு வந்த பிறகும் நீங்கள் என்னை விடவில்லை. தெஹிவளையில் பஸ் ஏறினால் வெள்ளவத்தை பக்கம்தான். ஆனால் கம்பியைப் பிடிக்க முடியாத ஒருவர் காலி வீதி பஸ்ஸில் வருவது சின்ன விஷயமில்லை. கொண்டக்டரைக் கண்டதும் உங்கள் சிங்களத்தில் அவரைத் தம்பி முறைக்கு மல்லி என்று கூப்பிட்டு, எனக்குக் கால் மட்டும்தான் ஈக்குது, இருக்க ஒரு இடம் எடுத்துத் தாங்க என்பீர்களாம். இடம் கிடைக்காத நாளே இல்லை என்று பெருமை பேசுவீர்கள்.

எங்கள் பிளாட்டின் சாப்பாட்டு மேசை என் நாற்காலிக்குச் சரியான உயரம் என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். அடுத்த கிழமை உங்கள் மகன் கேக் அடிக்கிற மெஷினையும் தட்டுகளையும் ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். நீங்கள் நின்று சொல்ல, நான் இருந்து செய்ய, கேக் வேலை மறுபடி தொடங்கியது. முதல் கேக்கில் நான் ஐசிங்கால் போட்ட ரோசாப்பூவை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, முட்டைக்கோவா நல்லா வந்திருக்கு, மரக்கறிக் கடையில வைக்கலாம் என்றீர்கள். என் கை பழகும் வரை நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்கள் விரல்கள் மேசைக்கு மேலே, என் விரல்களோடு சேர்ந்து நெளிய முயன்றுகொண்டே இருக்கும்.

ஒருமுறை சூடான தட்டை எடுத்து, யோசிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை உருட்டினேன். மடிக்குச் சூடு தெரியாது என்பதை நான் மறந்துபோனேன். துணி கருகும் மணத்தைப் பிடித்து ஓடிவந்து, முழங்கையால் தட்டைத் தட்டிவிட்டது நீங்கள். கேக் நிலத்தில். தொடையில் ஒரு கொப்புளம், நல்லவேளை பெரிதில்லை. உணர்ச்சி இல்லாத தோலில் புண் வந்தால் ஆறுவது எவ்வளவு கஷ்டம் என்று வார்டில் நாம் கண்டிருந்தோம். அன்று நீங்கள் என்னை ஏசிய ஏச்சு மேல் மாடிக்கும் கேட்டது. அதன் பிறகு மரப்பலகை இல்லாமல் என் மடியில் எதுவும் ஏறவில்லை.

பிறகு உங்கள் கடைக்குட்டி மகளின் கல்யாணம். அந்தக் கேக்கை நாம் எத்தனை நாள் செய்தோம், நினைவிருக்கிறதா. மண்டபத்தில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் என்னை இருத்தினீர்கள். பட்டுச்சேலை உடுத்தியிருந்தேன். சிறுநீர்க் குழாயும் பையும் சேலைக்குள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று பின்மண்டையில் சம்மட்டியால் அடிப்பதுபோல் இடி. முகம் கொதித்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. கண் மங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு மயக்கம் என்று நினைத்து, விசிறி, தண்ணீர் தெளித்து, நாற்காலியைப் பின்னுக்குச் சாய்க்கப் பார்த்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். வாய் வரவில்லை.

வார்டில் அதைப் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. என்னைப் போல் நெஞ்சின் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கு, கீழே உடம்பில் ஏதாவது பிசகினால் அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. உடம்பு தன்பாட்டில் பதறி, இரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். காரணத்தைக் கண்டுபிடித்து நீக்காவிட்டால் தலைக்குள் இரத்தக் குழாய் வெடிக்கலாம். அந்த வகுப்பில் நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மணப்பெண்ணின் பக்கத்தில் நின்ற நீங்கள் என் முகத்தைக் கண்டு கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு வந்தீர்கள்.

"சாய்க்க வேணாம். நிமித்தி வைங்க. காத்து வேணாம், குழாயைப் பாக்கணும்."

பெண்களைச் சுற்றி நிற்கவைத்து, சால்வைகளை விரிக்கச் சொல்லி மறைப்புக் கட்டினீர்கள். நீங்கள் முழங்காலில் நின்று என் சேலைக்குள் கையை நுழைத்தீர்கள். விரல்கள் துணியைப் பிடிக்கவில்லை. மறுபடி நுழைத்தீர்கள், வழுக்கியது. உங்கள் முகத்தில் பயத்தை நான் கண்டது அந்த ஒருமுறைதான். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அப்போது சால்வைகளை விலக்கிக்கொண்டு மணப்பெண் உள்ளே வந்தாள். கை நிறைய மருதோன்றி, முழங்கை வரை வளையல். நிலத்தில் இருந்தாள்.

"உம்மா, எந்தப் பக்கம்?"

"எடது பக்கம், தொடைக்குக் கீழ. மடிஞ்சீக்கும்."

ஊசிகளைக் கழற்றி, கொசுவத்தைத் தளர்த்தி, நாற்காலியின் ஓரத்தில் நசிந்து மடிந்திருந்த குழாயை அவள் இழுத்து நேராக்கினாள். பை நிறையத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தலைக்குள் இடி இறங்கியது. கண் தெளிந்தபோது முதலில் கண்டது அவளுடைய நெற்றிச் சுட்டி கோணலாகத் தொங்குவதைத்தான். உன் கல்யாணத்தைக் குழப்பிவிட்டேனே என்று நான் அழுதேன். "சாச்சி, எனக்கு இருந்த பயமெல்லாம் இதோட போயிட்டுது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் கையைக் கழுவினாள். மாப்பிள்ளையின் உம்மா அதுவரை அவ்வளவாகச் சிரிக்காதவர். இந்த மருமகள் இருக்க இனி எங்கள் வீட்டில் யாருக்கும் பயமில்லை என்று உங்களிடம் வந்து சொன்னார்.

உங்கள் சொந்தத்தில் ஒரு டொக்டர் வந்து அழுத்தம் அளந்து, இறங்கிவிட்டது, நாளைக்குக் கட்டாயம் கிளினிக்குக்குப் போகவேண்டும் என்றார். அதன்பிறகு நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டை மேசையில் வைக்கச் சொன்னீர்கள். நான் ஒரு வாய் உங்களுக்கு ஊட்ட, ஒரு வாய் நான் சாப்பிட. மரக்கறி மட்டும் சாப்பிடும் எனக்குக் கோழி இல்லாத மூலை எது என்று காட்டிக்கொண்டே சாப்பிட்டீர்கள்.

நீங்கள் போனதும் உங்கள் பாணியில்தான், யாருக்கும் வேலை வைக்காமல். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போன உங்கள் மகள் நீங்கள் எழும்பாததைக் கண்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவள்தான் எனக்குப் போன் எடுத்தாள். உங்கள் வீட்டுப் படிகளில் மகன்மார் என்னை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். நான் அழுதேன், ராத்தா, மறைக்கவில்லை. ஆனால் பெண்கள் கூடியிருந்த அந்த அறையில் கொஞ்ச நேரத்துக்குள் ஒருத்தி பஸ் கதையைத் தொடங்க, மற்றொருத்தி முட்டைக்கோவாக் கதையைச் சொல்ல, அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. யாரும் அதைத் தப்பாக எடுக்கவில்லை.

கேக் வேலையை விட்டுவிடலாமோ என்று யோசித்தேன். உங்கள் மகள் விடவில்லை. சனிக்கிழமைகளில் வருகிறாள், தட்டு தூக்குவதும் அடுப்பும் அவள் பொறுப்பு. மிச்சம் நான். ரோசாப்பூ இப்போது ரோசாப்பூ மாதிரியே இருக்கிறது.

போன கிழமை கிருலப்பனையிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். பிள்ளையின் பிறந்தநாளாம், சனிக்கிழமை பின்னேரத்துக்குள் கேக் கிடைக்குமா என்று கேட்டாள்.

"இன்ஷா அல்லாஹ், நாலு மணிக்கு வாங்கோ" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நெற்றியில் திருநீற்றோடு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த இவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே அப்போதுதான் விளங்கியது. எத்தனை காலமாக அப்படிச் சொல்லிவருகிறேன் என்று கேட்டேன்.

கனகாலம் என்றார்.