குளத்தில் மிதந்த பாங்சிகள்

ஷெட்லாந்து தீவு, ஸ்காட்லாந்து
ஜூலை 28, 2022

அன்பு மகள் ஓஸ்லாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம், என் முழங்காலைத் தவிர. அங்கே நியூசிலாந்தில், உன் டனீடினில் குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன், உனக்கு ஏழாம் மாதம், வழுக்கும் படிகளில் பார்த்து இறங்கு, மாத்திரையை மறக்காதே. போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

மலையில் என் பாங்சிகள், அந்தப் பெரிய கடற்பறவைகள், செத்துவிட்டன. பறவைக் காய்ச்சல். மே மாதம் முந்நூறு கூடுகளுக்கு மேல் எண்ணினேன், இன்று உயிரோடு இருப்பவை பதினொரு பறவைகள். கூட்டை நெருங்கினாலே மண்டையில் வந்து மோதுகிற முரட்டுப் பறவைகள், கழுத்து திருகிப் புல்லில் கிடந்தன, நான் பக்கத்தில் போயும் எழவில்லை. குளத்திலும் மிதந்தன. பக்கத்துப் பண்ணை லௌரியின் ஆடுகள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான், அதனால் அவரும் கையுறை, முகமூடியோடு வந்து என்னுடன் சேர்ந்து இழுத்துப் போட்டார். ‘ஏம்மா பறவைக்காரி, உன் செல்லங்க என் குட்டியோட கண்ணக் கொத்திட்டுப் போயிடுச்சு, சுடவும் விடமாட்டேங்கற’ என்று முப்பது வருடம் என்னோடு மல்லுக்கு நின்ற அதே மனிதர். அறுபத்திரண்டு எடுத்தோம். ஒன்றின் காலில் நான் மாட்டிய எண் வளையம் இருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன், 1993, நீ அம்மை போட்டுக் கிடந்தும் நான் மலையை விட்டு இறங்காமல் இருந்தேனே, அந்த வாரம். லௌரி கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ‘நாசமாப் போங்கன்னு தெனமும் திட்டினேன், என் வாய்தான் பலிச்சிருச்சோ’ என்றார். இது கிருமியால் வந்தது என்று விளக்கினேன், தலையை ஆட்டினார், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை.

போனில் நீ, ‘அத்தனை கோடையும் எங்களை விட்டுட்டு அங்கேயே காவல் கிடந்தியேம்மா, அதுக்கு என்ன பலன்’னு கேட்டாய். முட்டை திருட வந்தவர்களைத் தடுத்தேன், துப்பாக்கிகளை இறக்க வைத்தேன், நாற்பது கூடு முந்நூறானது, அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுத் திரிந்தேன். ஒரே கோடையில் போய்விட்டது. ஒரு குஞ்சு வளர்ந்து முதல் முட்டையிட ஏழெட்டு வருடமாகும், என் ஆயுளில் அந்தக் கூட்டம் திரும்பாது. பலன் இல்லையடி மகளே. உன் கோடைகளையும் என்னால் திருப்பித் தர முடியாது.

குழந்தை சுகமாகப் பிறக்கட்டும், உன் வீட்டில் நோய்நொடி அண்டாதிருக்கட்டும். ஒன்று மட்டும் கேள். பிரசவமாகி ஆறு வாரத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பிவிடுவேன், நான் இல்லாவிட்டால் வார்டு நடக்காது என்கிறாய். விடுப்பை முழுதாக எடுத்துக்கொள். நான் இல்லாவிட்டால் இந்த மலை என்ன ஆகுமோ என்று நானும் நினைத்தவள்தான். நான் இருந்தும் இப்படித்தான் ஆனது.

உன் அம்மா
மெரன்